ஹெலி தேடும்போது தரையில் நிற்பவர் செய்ய வேண்டியது

போன மாதம் திருகோணமலையில் நிலாவெளிப் பக்கம் ஒரு மீன்வாடியில் பதினைந்து இளைஞர்களோடு உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் கிராமத்து அனர்த்தக் குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்கள். முதலுதவி, முடிச்சுப் போடுவது எல்லாம் முடிந்து தேநீர் வந்த நேரத்தில் ஒரு தம்பி கேட்டான்: "அக்கா, ஹெலி வந்தா நாங்க என்ன செய்யிறது? சும்மா பாத்துக்கொண்டு நிக்கிறதா?"

அரை மணி நேரம் பதில் சொன்னேன். வீட்டுக்கு வந்து யோசித்தால் பாதிதான் சொல்லியிருக்கிறேன். மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

பதினாறு வருடம் இங்கிலாந்தில் ஒரு பொலிஸ் கட்டுப்பாட்டறையில் வேலை செய்தேன். சீருடை போட்ட பொலிஸ் இல்லை. அவசர அழைப்பை எடுத்து, வாகனங்களை அனுப்பி, வயர்லெஸ்ஸில் பேசும் ஊழியர். ஹெலிகொப்டர் வேண்டுமென்று கேட்பதும், அது வந்த பிறகு மேலே பறப்பவருக்கும் கீழே நிற்பவருக்கும் இடையில் செய்தியைக் கொண்டுபோவதும் என் மேசை வழியாகத்தான் நடந்தது. இப்போது அம்மாவோடு உப்புவெளியில் இருக்கிறேன். அந்த மேசையில் நான் திரும்பத் திரும்பக் கண்டது ஒன்றுதான்: தரையில் நிற்பவர் சரியான இடத்தையும் திசையையும் சொல்லி, சொன்ன இடத்தில் நின்றால் ஹெலிகொப்டர் ஆளைக் கண்டுபிடிக்கும். இல்லாவிட்டால் சத்தம் போட்டுச் சுற்றிவிட்டுப் போய்விடும்.

உள்ளே யார் இருக்கிறார்கள்

முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொலிஸ் படைகள் தனித்தனியாக வைத்திருந்த ஹெலிகொப்டர்களை 2012இல் ஒன்றாக்கி, தேசியப் பொலிஸ் வான்சேவை என்று ஆக்கினார்கள். அங்கே வழக்கமாக மூன்று பேர் பறப்பார்கள். விமானி பறப்பதை மட்டும் பார்ப்பார். மற்ற இருவரும் பொலிஸ் அவதானிகள். ஒருவர் கமெராவைப் பிடித்திருப்பார். மற்றவர் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு வயர்லெஸ்ஸில் பேசுவார். கமெராவில் தெரியும் படம் அதே நேரத்தில் கட்டுப்பாட்டறைத் திரைக்கும் வரும்.

நம் பக்கம் ஹெலி வந்தால் அது பெரும்பாலும் விமானப்படையுடையது. சீனக்குடாவில் தளம் இருப்பதால் அந்தச் சத்தம் நமக்குப் புதிதும் இல்லை. வெள்ளத்தில் அகப்பட்டவரை எடுக்க வரும், கடலில் காணாமல் போனவரைத் தேட வரும். சீருடை வேறாக இருந்தாலும் மேலே இருப்பவருக்குக் கீழே இருந்து தேவைப்படுவது ஒன்றேதான். ட்ரோன் வைத்துத் தேடும் குழு வந்தாலும் கீழே சொல்வதில் முக்கால்வாசி பொருந்தும்.

இடத்தைச் சொல்வது

இதைத்தான் நான் மிக நீளமாகச் சொல்லப்போகிறேன், ஏனென்றால் அதிக நேரம் வீணாவது இங்கேதான்.

ஒரு குளிர்கால இரவில் ஒரு அழைப்பில் வீதியின் பெயரை மட்டும் கேட்டுக்கொண்டு ஹெலியை அனுப்பினோம். அதே பெயரில் இரண்டு வீதிகள் இருந்தன. தவறான வீதிக்கு மேலே பதினொரு நிமிடம் சுற்றினார்கள். தேடப்பட்ட பையன் அதற்குள் ரயில் பாதையைத் தாண்டிவிட்டான். பிறகு பத்திரமாகக் கிடைத்தான் என்றாலும் அந்தப் பதினொரு நிமிடத்தை நான் மறக்கவில்லை.

இப்போது நம் ஊரை நினைத்துப் பாருங்கள். கன்னியா, கிண்ணியா. ஒன்று வெந்நீர் ஊற்றுக் கிணறுகள் இருக்கும் இடம், நகரத்துக்கு மேற்கே. மற்றது கொட்டியாரக் குடாவின் கரையில், பாலம் தாண்டி, தெற்கே. இரண்டுக்கும் இடையே பத்துக் கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. நேரில் கதைக்கும்போது நமக்குக் குழம்பாது. ஆனால் காற்றும் இயந்திரச் சத்தமும் நிறைந்த வயர்லெஸ்ஸில், தமிழ் தாய்மொழியாக இல்லாத ஒருவரின் காதில், இரண்டும் ஒன்றுபோலத்தான் விழும். அதனால் இந்த இரண்டு பெயர்களையும் எப்போதும் துணைச்சொல்லோடு சொல்லுங்கள்: "கன்னியா, வெந்நீர்க் கிணறு", "கிண்ணியா, பாலத்தடி".

அடுத்தது கட்டைக் கணக்கு, அதாவது மைல்கல் எண். "நாலாம் கட்டையில நிக்கிறம்" என்று சொல்வது நமக்குப் பழக்கம். நிலாவெளி வீதியிலும் கட்டை எண்ணுகிறோம், கண்டி வீதியிலும் எண்ணுகிறோம். எந்த வீதி என்று சொல்லாத கட்டையால் பயனில்லை.

மூன்றாவது, "கடல் பக்கம்". வேறு ஊர்களில் கடல் பக்கம் என்றால் ஒரே திசை. நம் நகரம் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் தரை. ஒரு பக்கம் டச்சுக் குடா, இன்னொரு பக்கம் பின்குடா, மறுபக்கம் உள்துறைமுகம். பேருந்து நிலையத்தடியில் நின்று "கடல் பக்கமா ஓடினான்" என்று சொன்னால் மேலே இருப்பவர் எந்தக் கடலைப் பார்ப்பார்? வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்றே சொல்லிப் பழகுங்கள். இடது வலதும் வேண்டாம். ஹெலி ஓர் இடத்தில் நிற்காமல் வட்டமாகப் பறந்துகொண்டிருக்கும்; இப்போது அவருக்கு இடதாக இருப்பது அரை நிமிடத்தில் வலதாகிவிடும். திசை சந்தேகமாக இருந்தால் போனில் உள்ள திசைகாட்டியைப் பாருங்கள். இரவில் சுவாமி மலையோ துறைமுக வெளிச்சமோ எங்கே தெரிகிறது என்று பார்த்தும் கணக்கிடலாம்.

எல்லாவற்றையும் விட நல்லது ஆள்கூறு. கூகுள் வரைபடத்தில் நீங்கள் நிற்கும் நீலப் புள்ளியை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் வரும். திருகோணமலை நகரைச் சுற்றி முதல் எண் 8இல் தொடங்கும், இரண்டாவது 81இல் தொடங்கும். புள்ளிக்குப் பின்னால் நான்கு இலக்கம் சொன்னால் பத்துப் பன்னிரண்டு மீற்றருக்குள் இடம் தெரிந்துவிடும். இரண்டாவது இலக்கத்தில் ஒன்று பிசகினால் ஒரு கிலோமீட்டர் தள்ளிப்போய்விடும். எனவே எண்ணை ஒவ்வொன்றாகச் சொல்லி, மறுமுனையில் இருப்பவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். திருப்பிச் சொல்லாவிட்டால் அவருக்குக் கேட்கவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: சிக்னல் இல்லாத இடத்திலும் போனின் ஜிபிஎஸ் வேலை செய்யும். வரைபடத்தை மட்டும் முன்கூட்டியே இறக்கி வைத்திருக்க வேண்டும். இன்றைக்கே செய்துவிடுங்கள், காட்டுக்குள் போன பிறகு முடியாது.

பொலிஸுக்கு 119, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117, அம்புலன்ஸுக்கு 1990. ஹெலி வேண்டும் என்று நாம் நேரடியாகக் கேட்க வழியில்லை. இவர்கள் மூலம்தான் போகும். ஆனால் என்ன நடந்தது, யார், எப்போது கடைசியாகக் கண்டார்கள், எந்தப் பக்கம் போனார், எப்படி உடை, நடக்க முடிகிறவரா, நீந்தத் தெரிந்தவரா என்பதை நீங்கள் ஒழுங்காகச் சொன்னால் அவர்கள் முடிவெடுப்பது வேகமாகும். இதையெல்லாம் ஓர் அட்டையில் எழுதி, இடங்களின் பெயர்களைச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பக்கத்திலேயே எழுதி வாடியின் சுவரில் ஒட்டிவிடுங்கள். பதற்றத்தில் நல்ல மொழியறிவு உள்ளவருக்கும் சொல் வராது.

வெப்பக் கமெரா எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது

பலர் நினைப்பது போல அது சுவரை ஊடுருவிப் பார்க்காது. சாதாரணக் கண்ணாடி ஜன்னல் வழியாகவும் பார்க்காது. ஒவ்வொரு பொருளின் மேற்பரப்பும் எவ்வளவு சூடு என்பதைத்தான் காட்டும். தண்ணீருக்குக் கீழே இருக்கும் உடம்பு தெரியாது, வெளியே இருக்கும் தலை மட்டும்தான் தெரியும். அடர்ந்த மாமரத்தின் கீழே படுத்திருப்பவர் தெரியாமல் போகலாம். இலைகளுக்கு இடையே உள்ள ஓட்டைகளில் உடம்பு துண்டு துண்டாகத் தெரியும் என்பதால்தான் ஹெலி பல கோணங்களில் சுற்றுகிறது.

இங்கிலாந்தில் ஜனவரி இரவு இரண்டு பாகையில் புல்வெளி உறைந்து கிடக்கும்போது மனிதர் ஒரு விளக்குப் போலத் தெரிவார். நம் ஊரில் அப்படி இல்லை. மனிதத் தோலின் மேற்பரப்பு ஏறத்தாழ 33 பாகை. நம் இரவே 27, 28 பாகையில் இருக்கும். வித்தியாசம் மிகக் குறைவு. நண்பகலில் நிலாவெளி மணல் நம் உடம்பைவிடச் சூடாகிவிடும், அப்போது மனிதர் வெளிச்சமாக இல்லாமல் இருட்டாகத் தெரியக்கூடும். காலையும் மாலையும் சுற்றுப்புறமும் மனிதரும் ஒரே சூட்டில் இருக்கும் ஒரு நேரம் வரும். அந்த நேரத்தில் கமெராவை நம்பவே கூடாது. பாறைகள் பகல் சூட்டை இரவு வரை வைத்திருக்கும். கன்னியாக் கிணறுகள் இரவில் பளிச்சென்று தெரியும். எனவே நமக்கு நல்ல நேரம் விடியலுக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரம். இரவு எட்டு மணிக்குத் தேடிக் கிடைக்கவில்லை என்றால் அந்த இடத்தில் ஆள் இல்லை என்று எழுதிவிடாதீர்கள். நாலு மணிக்கு அதே இடத்தைத் திரும்பப் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம் விலங்குகள். பிரெட்ரிக் கோட்டைக்குள் புள்ளிமான்கள் படுத்திருக்கும். மேலிருந்து பார்த்தால் சுருண்டு படுத்த மனிதரும் படுத்த மானும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கிண்ணியா, தம்பலகாமப் பக்கம் எருமைகளும் மாடுகளும். அவதானி ஒரு சூடான புள்ளியைக் காட்டி "அங்கே போய்ப் பாருங்கள்" என்று சொன்னால், அது மாடாக இருந்தாலும் போய்ப் பார்த்துவிட்டு "மாடு" என்று உடனே சொல்லுங்கள். அந்தப் புள்ளியை அவர் கணக்கிலிருந்து எடுத்துவிடுவார். நம் மாவட்டத்தில் இன்னொரு நன்மையும் உண்டு: காட்டோரத்தில் இரவில் தேடும்போது யானை நிற்பது நமக்குத் தெரிவதற்கு முன்பே மேலே தெரியும். அவர் "நில்லுங்கள்" என்று சொன்னால் ஏன் என்று கேட்காமல் நில்லுங்கள்.

ஓடக் கூடாது, பரவ வேண்டும்

குற்றம் செய்துவிட்டு ஒருவர் ஓடுகிறார் என்று வையுங்கள். பொலிஸுக்குப் புதிதாக வருபவர்கள் எல்லோரும் அவரைத் துரத்தி உள்ளே ஓடுவார்கள். ஹெலி வரும் என்றால் அது தவறு. வெளியேறக்கூடிய மூலைகளில் ஆட்களை நிறுத்த வேண்டும்: ஒழுங்கை முடியும் இடம், மதிலுக்குப் பின்பக்கம், வாய்க்கால் பாலம். ஓடியவர் பெரும்பாலும் நீண்ட தூரம் ஓடுவதில்லை. ஹெலிச் சத்தம் கேட்டதும் பக்கத்தில் எங்கேயாவது பதுங்கிவிடுவார். சுற்றி வேலி போல ஆட்கள் நின்றால் உள்ளே தேடுவதை மேலே இருப்பவரும் மோப்ப நாயும் பார்த்துக்கொள்வார்கள். இருபது பேர் உள்ளே ஓடினால் இருபது சூடான புள்ளிகள், இருபது வாசனைகள். யார் தேடப்படுபவர் என்று கமெராவுக்கும் தெரியாது, நாய்க்கும் தெரியாது.

வாகனத் துரத்தலிலும் இதுதான். ஹெலி மேலே வந்து காரைப் பிடித்துக்கொண்டதும் தரை வாகனங்கள் பின்வாங்கலாம். சைரன் கேட்காத சாரதி பல நேரங்களில் வேகத்தைக் குறைத்துவிடுவார். அவதானி தொடர்ந்து சொல்லிக்கொண்டே போவார்: எந்த வீதி, எந்தத் திசை, என்ன வேகம், முன்னால் பாதசாரிகள் இருக்கிறார்களா. கீழே இருப்பவர்கள் அவர் சொல்லும் இடத்துக்கு முன்கூட்டியே போய்க் காத்திருப்பார்கள். ஏதோ ஒரு பாடசாலை விட்டுப் பிள்ளைகள் வரும் வீதியில் இரண்டு கார்கள் துரத்தாமல் இருந்ததால் எத்தனை உயிர் தப்பியிருக்கும் என்று நான் பல தடவை நினைத்திருக்கிறேன்.

பொதுமக்களாகிய நமக்கு இதில் வேலை மிகச் சிறியது, ஆனால் முக்கியமானது. உள்ளே போகாதீர்கள். கண்டதைச் சொல்லுங்கள். போனில் படம் பிடித்து நேரடியாக ஒளிபரப்பாதீர்கள். ஓடுபவரும் போன் வைத்திருப்பார்.

தேடும் குழுவில் நீங்கள் நிற்கிறீர்கள் என்றால் மேலே இருப்பவர் உங்களை அடையாளம் காண வேண்டும். "நான் யாரோடு பேசுகிறேன், கையைத் தூக்குங்கள்" என்று அவர் சொன்னால், அவர் பேசும் ஆள் மட்டும் இரண்டு கையையும் மேலே தூக்க வேண்டும். மற்றவர்கள் அசையாமல் நிற்க வேண்டும். பிறகு அவர் "வடக்கே பத்து மீற்றர், நில், வேலியோரம்" என்று ஒருவரைக் கைபிடித்துக் கூட்டிப்போவது போலக் கூட்டிப்போவார். ஒரு நவம்பர் இரவில், மறதி நோயுள்ள பருத்தித்துறைப் பெரியவர் ஒருவரை இப்படித்தான் எடுத்தோம். விளையாட்டு மைதானத்தின் வேலிச் செடிக்குள் சேர்ட்டோடு படுத்திருந்தார். இளம் கொன்ஸ்டபிள் அவரிடமிருந்து மூன்று மீற்றரில் நின்றும் காணவில்லை. மேலே இருந்தவர் "உன் காலடியில், குனி" என்றார். பெரியவருக்கு ஆங்கிலம் மறந்துவிட்டது. என்னை லைனில் எடுத்து, போனை அவர் காதில் வைத்தார்கள். "ஐயா, எழும்புங்கோ, வீட்டை போவம்" என்றேன். "சரி பிள்ளை" என்றார். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

சத்தத்துக்குப் பயப்படுகிறவர்கள்

இதை எந்த நாட்டுக் கைந்நூலிலும் நான் காணவில்லை. நம் ஊருக்கு இது மிக அவசியம்.

என் அம்மாவுக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. ஹெலிச் சத்தம் கேட்டால் இன்றைக்கும் வாளியைக் கிணற்றடியிலேயே விட்டுவிட்டு உள்ளே வந்துவிடுவார். போர்க்காலத்தில் "ஹெலி வருது" என்றால் பங்கருக்குள் ஓடிய பிள்ளைகள் இப்போது நாற்பது, ஐம்பது வயதில் இருக்கிறார்கள். காணாமல் போனவர் அந்தத் தலைமுறையைச் சேர்ந்தவராக, அதிலும் மறதி நோயோ மனக்குழப்பமோ உள்ளவராக இருந்தால், தேடி வரும் ஹெலியைக் கண்டு இன்னும் அடர்ந்த இடத்துக்குள் ஒளிவார். திறந்த வெளியைத் தேடுவதை விடப் பற்றையையும் மரத்தடியையும் மதகுக்குக் கீழேயும் தேடச் சொல்லுங்கள். இதைத் தேடும் குழுவிடம் முதலிலேயே சொல்ல வேண்டியது குடும்பத்தின் பொறுப்பு. வெட்கப்பட எதுவும் இல்லை.

ஹெலியில் ஒலிபெருக்கி இருந்தால் தமிழில், அவருக்குத் தெரிந்த பெயரில் கூப்பிட ஏற்பாடு செய்யுங்கள். இல்லாவிட்டால் ஹெலி ஒரு சுற்றுச் சுற்றி விலகிய பிறகு, அமைதியான அந்த ஐந்து நிமிடத்தில், மகளோ பேரனோ நடந்துபோய்க் கூப்பிடட்டும். ஹெலி வருவதற்கு முன்பே கிராமத்தில் கோயில், பள்ளிவாசல், தேவாலய ஒலிபெருக்கிகளில் அறிவித்துவிடுங்கள்: "தேடுதலுக்காக ஹெலி வருகிறது, பயப்பட வேண்டாம்." ஒரு வரி போதும். அந்த ஒரு வரியால் எத்தனையோ வயதானவர்களின் இரவு அமைதியாகக் கழியும்.

இறங்க வந்தால்

எல்லா ஹெலியும் இறங்காது, பொலிஸ் ஹெலி பெரும்பாலும் இறங்காமலே வேலையை முடித்துவிடும். வெள்ளத்தில் ஆளை எடுக்க வரும் விமானப்படை ஹெலி இறங்கும். பெல் 212 ரக ஹெலியின் சுழல்விசிறி ஏறத்தாழ 14.6 மீற்றர் அகலம். எம்ஐ-17 என்றால் 21 மீற்றருக்கு மேல். விசிறியின் அகலத்தைப் போல இரண்டு மடங்கு நீளமும் அகலமும் வெளியாக இருக்க வேண்டும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பாடசாலை மைதானம் பொருத்தம். மின்கம்பி, கொடிக்கம்பம், கோல் போஸ்ட் எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மேலிருந்து பார்க்கும் விமானிக்குக் கம்பி தெரியாது, கம்பம்தான் தெரியும்.

கீழே அடிக்கும் காற்றின் பலத்தைப் பலர் அறிவதில்லை. தகரம், கிடுகு, பிளாஸ்டிக் கதிரை, வலை, காயப்போட்ட துணி எல்லாம் பறக்கும். 2020 டிசம்பர் 2இல் புரேவி சூறாவளி நம் வடபகுதிக் கரையைக் கடந்த பிறகு வீட்டுக்கு வீடு தளர்ந்த தகரங்கள் கிடந்தன. அப்படியான நேரத்தில் ஹெலி இறங்கினால் ஒவ்வொரு தகரமும் கத்திதான். முதலில் மைதானத்தைப் பொறுக்கித் துப்புரவாக்குங்கள். மண்ணில் தண்ணீர் தெளித்தால் புழுதி அடங்கும்.

பிள்ளைகளை ஐம்பது மீற்றருக்கு அப்பால் நிறுத்தி ஒருவர் பொறுப்பெடுக்க வேண்டும். விசிறி சுற்றும்போது யாரும் தாங்களாகக் கிட்டப் போகக் கூடாது. உள்ளே இருப்பவர் கை காட்டிக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டாலும் முன்பக்கமாக, விமானியின் கண்ணில் படும்படி, குனிந்து போங்கள். பின்பக்கம் போகவே கூடாது. வால் விசிறி சுற்றும்போது கண்ணுக்குத் தெரியாது. தொப்பி, சால்வை, முந்தானை எல்லாவற்றையும் இறுக்கிக் கட்டுங்கள்.

இரவில் டோர்ச் வெளிச்சத்தைத் தரையில் அடியுங்கள், ஹெலியை நோக்கி அடிக்காதீர்கள். லேசர் விளையாட்டுப் பொருட்களைப் பிள்ளைகளிடமிருந்து வாங்கி வைத்துவிடுங்கள். அந்த ஒளி விமானியின் கண்ணில் பட்டால் சில நொடிகளுக்கு எதுவும் தெரியாது. ட்ரோன் வைத்திருக்கும் தம்பிமார், ஹெலி நிற்கும் பகுதியில் அதைப் பெட்டியிலேயே வையுங்கள். உங்கள் ட்ரோன் பறக்கிறது என்று தெரிந்தால் ஹெலி தேடலை நிறுத்திவிட்டுப் போக வேண்டிவரும்.

கடலில்

மேலிருந்து கடலில் ஒரு தலையைத் தேடுவது மிகக் கடினம். வள்ளத்தோடு நில்லுங்கள்; கவிழ்ந்த வள்ளமும் மனிதரைவிடப் பெரிது. இங்கிலாந்துப் பொலிஸ் கார்களின் கூரையில் பெரிய எண் எழுதியிருப்பார்கள், மேலே இருப்பவர் இது எந்தக் கார் என்று உடனே அறிய. நம் வள்ளங்களில் பதிவெண் பக்கவாட்டில்தான் இருக்கிறது. ஒரு செம்மஞ்சள் தறப்பாளில் பதிவெண்ணைக் கை நீள எழுத்தில் எழுதி மடித்து வள்ளத்தில் வையுங்கள். விரித்துக் கட்டினால் நிறமும் தெரியும், எண்ணும் தெரியும். முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று வெயிலில் பல கிலோமீட்டர் தூரம் மின்னும். இல்லாவிட்டால் பழைய சீடித் தட்டு.

கரையில் இருப்பவர்கள் சொல்ல வேண்டியது: எத்தனை மணிக்குப் புறப்பட்டார், எந்தப் பக்கம் வலை போடுவது அவர் வழக்கம், எவ்வளவு எரிபொருள், காற்று எப்படி. வாடைக்காலத்தில் நீரோட்டம் கரையோரமாகத் தெற்கே இழுக்கும் என்பது நம் சம்மாட்டிமாருக்குத் தெரியும். அந்த அறிவைத் தேடுபவர்களுக்குச் சொல்ல ஒரு மூத்த மீனவரைக் கூடவே உட்கார வையுங்கள். புறாத்தீவுக்கு வெளியே இயந்திரம் நின்ற வள்ளம் ஆறு மணி நேரத்தில் எங்கே இருக்கும் என்பதை அவர் சொன்னால் தேட வேண்டிய கடல் பாதியாகக் குறையும்.

ஹெலி தலைக்கு மேலே வந்ததும் இரண்டு கைகளையும் சாய்வாக மேலே விரித்து அசையாமல் பிடியுங்கள். உதவி வேண்டும் என்று அர்த்தம். ஒரு கையை மேலேயும் மறுகையைக் கீழேயும் சாய்த்துப் பிடித்தால் வேண்டாம் என்று அர்த்தம். சந்தோஷத்தில் ஒரு கையை ஆட்டி டாட்டா காட்டாதீர்கள். நலமாக இருக்கிறார் என்று நினைத்துப் போய்விடக்கூடும்.

"இன்னும் ஐந்து நிமிடம்" என்று கேட்காதீர்கள்

ஒரு பொலிஸ் ஹெலி ஏறத்தாழ இரண்டு மணி நேரம் பறக்கும், அதில் வந்து போகும் நேரமும் அடக்கம். "எரிபொருள் முடிகிறது, போகிறோம்" என்று அவர்கள் சொல்லும்போது குடும்பத்தவர் அழுவதை நான் லைனில் கேட்டிருக்கிறேன். இன்னும் ஐந்து நிமிடம் கேட்டுப் பாருங்கள் என்று என்னிடம் கெஞ்சியிருக்கிறார்கள். நான் கேட்கவில்லை.

2013 நவம்பர் 29 இரவு ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஒரு பொலிஸ் ஹெலி, ஆட்கள் நிறைந்திருந்த மதுச்சாலையின் கூரையில் விழுந்தது. உள்ளே பறந்த மூவரும் மதுச்சாலையில் இருந்த ஏழு பேரும் இறந்தார்கள். எரிபொருள் குறைவு என்ற எச்சரிக்கை பல தடவை வந்த பிறகும் பறப்பு தொடர்ந்ததும், எரிபொருளைக் கடத்தும் பம்பிகள் அணைந்திருந்ததும் விசாரணையில் வெளியே வந்தது. அதற்குப் பிறகு விமானி "போகிறோம்" என்றால் நான் "நன்றி, போய் வாருங்கள்" என்று மட்டும்தான் சொல்வேன். போகும் முன் எந்தப் பகுதியை முழுதாகப் பார்த்தார்கள், எதைப் பார்க்க முடியவில்லை என்று கேட்டு எழுதிவையுங்கள். அடுத்து வருபவர் அங்கிருந்து தொடங்கலாம்.

கடைசியாக ஒன்று. காணாமல் போனவர் கிடைத்ததும், அழுது முடிப்பதற்கு முன்பே, 119க்கு அழைத்துச் சொல்லிவிடுங்கள். நான் வேலை செய்த காலத்தில் ஒரு பையன் பின்கதவால் வீட்டுக்கு வந்து தன் கட்டிலில் தூங்கிவிட்டான்; தாய் அவனைக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார், யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. நாற்பது நிமிடம் ஹெலி அவனைத் தேடிக்கொண்டிருந்தது. அதே நேரத்தில் நகரத்தின் மறுபக்கம் இன்னொருவர் ஆற்றில் விழுந்திருந்தார். அழைத்துச் சொல்வதற்கென்றே குழுவில் ஒருவரை முன்கூட்டியே நியமியுங்கள். உறவினர் இல்லாத ஒருவர் நல்லது. அவர் பெயரையும் சுவரில் ஒட்டிய அட்டையிலேயே எழுதிவிடுங்கள்.